போகச் சொன்ன தாய்

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதாக எனக்கு ஞாபகமில்லை. ஆனால் ஒரு படத்தைப் பற்றி அவர்கள் பிடித்த சண்டைக்கு முன்னால் மற்றதெல்லாம் தூசு. அது ஒரு பள்ளிக்கூடத்துப் பாட்டுப்படம். மொன்றியலில் பனி கொட்டத் தொடங்கினால் நத்தார்ப் பண்டிகையையொட்டித் தொலைக்காட்சியில் தவறாமல் போடுவார்கள். அக்கா அதைக் கசெட்டில் பதிந்து வைத்து, லாசாலில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டில் கோடையிலும் ஓடவிடுவாள்.

கதை பெரிய கதையில்லை. பழைய காலத்து அமெரிக்காவில் ஒரு சின்னப் பட்டணம், வட்டப் பாவாடைகள், நீளக் கார்கள், எடுத்ததற்கெல்லாம் பாட்டு. பள்ளிக்கூடம் முடிக்கும் ஒரு பெண்ணுக்குத் தூர நகரத்தில் மேற்கொண்டு படிக்க இடம் கிடைக்கிறது. ஐஸ்கிறீம் கடை வைத்திருக்கும் தாய் போ என்கிறாள். பந்தடிக்கும் பெடியன் ஒருவன் நில் என்கிறான். அவள் நின்றுவிடுகிறாள். எல்லோரும் ஆடுகிறார்கள். அவ்வளவுதான்.

கார்டெரியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்த சித்தி, அந்தக் கடைசி ஆட்டத்துக்கு ஒவ்வொரு முறையும் அழுவார். அம்மாவின் தமையனான மாமா, ஊரில் கோவில் கூத்துகளில் ராசா வேஷம் கட்டியவர். பாட்டாலேயே கதை நகருகிறதே, இது வெள்ளைக்காரன் களவெடுத்த எங்கள் கூத்து என்று சாதிப்பார். அப்பா பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை. பகலெல்லாம் நித்திரை. படத்தைப் பற்றி அவருக்கிருந்த ஒரே அபிப்பிராயம், சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்பது.

அம்மாவுக்கு மட்டும் அந்தப் படத்தைக் கண்ணில் காட்டக்கூடாது. காட்டக்கூடாது என்பது சரியான சொல்தான், ஏனென்றால் அவர் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. தையல் மெஷினுக்கு முன்னால், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, காதால் கேட்டதுதான். முத்தம், கட்டிப்பிடிப்பு இதுகளெல்லாம் அவருக்குப் பெரிய குற்றமாகப் படவில்லை. “படிக்கக் கிடைச்ச இடத்தை விட்டிட்டு ஒரு பெடியனோடை நிக்கிறாளே விசரி” என்பதுதான் வழக்கு. தாய் சொன்னதைக் கேட்காத அந்தப் பெண்ணை அம்மா எங்கள் சொந்தக்காரியைத் திட்டுவது போலத் திட்டுவார்.

எனக்கு ஒன்பது வயது. அந்தப் படத்தைவிட நல்ல முடிவு உலகத்தில் இருக்க முடியாது என்று நம்பினேன். அவள் ஊரிலேயே, தாயோடேயே இருக்கிறாள், ஒருவரும் பிரியவில்லை, இதில் கோபிக்க என்ன இருக்கிறது? அக்காவைத் தனியே மெற்றோவில் போகவே விடாத அம்மா, யாரோ ஒரு பெண்ணைத் தூரத்துக்கு அனுப்ப இப்படி நிற்பது எனக்கு விளங்கவேயில்லை.

அக்காவின் கடைசி வருடத்தில், அவளுடைய பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் அதே கதையை மேடையேற்றப் போவதாக அறிவித்தது. அக்கா இரண்டு நாள் வீட்டில் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து அம்மாவுக்குக் கொடுத்தாள். அதிலேயே அம்மா உஷாராகிவிட்டார். பரீட்சை வருகிற நேரத்தில் என்ன ஆட்டம் என்று கேட்டார்.

“நான் தாய் வேஷம் அம்மா. மகளைப் படிக்கப் போகச் சொல்லிப் பாடுற பாட்டு ஒண்டுதான்” என்றாள் அக்கா.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போலாகிவிட்டது அம்மாவுக்கு. அந்தப் பெண்ணுக்குப் புத்தி சொல்ல எத்தனையோ வருடமாக ஆள் தேடிக்கொண்டிருந்தவரல்லவா? உடனே சம்மதித்ததோடு, உடுப்பையும் தானே தைப்பதாகச் சொன்னார். தையல் தொழிற்சாலையில் நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்து, அக்காவுக்கும் வேறு சில பிள்ளைகளுக்கும் வட்டப் பாவாடை வெட்டினார். ஹெயிட்டிப் பிள்ளைகளும் இத்தாலிப் பிள்ளைகளும் எங்கள் வீட்டு வரவேற்பறையில் அளவுக்கு நின்றார்கள். அவர்கள் சுற்றிக் காட்டும்போது பாவாடை குடைபோல விரியும். எங்கள் அம்மாவுக்கு இணையான தையற்காரி அமெரிக்காவில் அந்தக் காலத்திலும் இருந்திருக்க மாட்டாள் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஒரு விஷயம் எனக்கு மட்டும் தெரியும். அக்காவும் நானும் ஒரே அறை. வேறொரு ஊரில், நாடகம் படிப்பிக்கும் கல்லூரியில் அக்கா ஒருவருக்கும் சொல்லாமல் பாடியும் நடித்தும் காட்டிவிட்டு வந்திருந்தாள். இடம் கிடைத்துவிட்டது. அந்த மாதம் முடியுமுன் வருவதா இல்லையா என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். வீட்டிலோ, அவள் இங்கேயே விஞ்ஞானம் படித்து மருந்தாளராக வருவது என்று எல்லோருமாகச் சேர்ந்து முடித்துவைத்திருந்தார்கள். “வாய் திறந்தியெண்டால் கொல்லுவன்” என்றாள் அக்கா. ரகசியம் ஒன்று கிடைத்த பெருமையில் நான் நிமிர்ந்து நடந்தேன்.

நாடகம் வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பூசை முடிந்து பிற்பகல். அப்பா நித்திரை. மற்ற எல்லோரும் போனோம். மாமா கோட் சூட்டில், மடியில் ஒரு பெட்டியோடு வந்திருந்தார். என்ன என்று கேட்டதற்குச் சிரித்தார்.

பள்ளிக்கூட அதிபர் மேடையேறி, இது நம் எல்லோருடைய இளமைக்காலம் என்று உருகினார். மண்டபத்தில் இருந்த ஹெயிட்டிக்காரர், பஞ்சாபிகள், இத்தாலியர்கள், நாங்கள் என்று ஒருவரும் அந்தப் பட்டணத்தைக் கண்டதில்லை, அந்தக் காலத்தில் பாதிப்பேர் பிறக்கவுமில்லை. ஆனாலும் பாட்டுத் தொடங்கியதும் எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்வந்தவர்கள் போலத் தலையாட்டினார்கள். அதுதான் அந்தக் கதையின் சாமர்த்தியம். என்ன குறை சொன்னாலும், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அக்காவின் காட்சி வந்தது. மகள் பயணம் போகிறாளா இல்லையா என்று கலங்கி நிற்கிறாள். படத்தில் வரும் தாய், மகளின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணீரோடு பாடுவாள். அக்கா அப்படிச் செய்யவில்லை. மகளைப் பார்க்கவேயில்லை. துடைத்த மேசையையே திரும்பவும் துடைத்தாள். மகளின் கொலரைச் சரி செய்து, பெட்டியை இழுத்துப் பூட்டி, அதட்டுகிற குரலில் போ போ என்று பாடினாள். சித்தி அம்மாவின் பக்கம் சாய்ந்து, “அக்கா, இது நீங்களெல்லோ” என்றார்.

அந்த நேரம் பார்த்து மாமா எழும்பினார். பெட்டியிலிருந்து ஒரு பெரிய மாலை வெளியே வந்தது. அயலிலிருந்த டெப்பனர் எனும் சில்லறைக் கடைகளில் கிடைத்த வெள்ளைக் கார்னேஷன் பூக்களையெல்லாம் வாங்கித் தானே கட்டியிருந்தார். எங்கள் கூத்தில், வேஷக்காரன் பாடும்போதே இனசனம் மேடையேறி மாலை போட வேண்டும். போடாவிட்டால், ஆளுக்கு ஆட்கள் இல்லைப் போல என்று சனம் கதைக்கும். எங்கள் பிள்ளைக்கு அந்தக் குறை வரவிடுவாரா? நிமிர்ந்த நடையில் படியேறி, பாடிக்கொண்டிருந்த அக்காவின் கழுத்தில் மாலையைப் போட்டு, மண்டபத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

எனக்கு உயிர் போய்விட்டது. பியானோ வாசித்த ஆசிரியை, அதே இடத்தையே திரும்பத் திரும்ப வாசித்தார். அக்கா ஒரு கணம் நின்றாள். பிறகு, பாட்டை விடாமல், மாலையைக் கழற்றி மகளின் கழுத்தில் போட்டாள். அது நேராக விழும்படி இரண்டு பக்கமும் இழுத்துவிட்டாள். மகளின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினாள். அதற்குப் பிறகுதான் முதன்முதலாக அவளைப் பார்த்தாள், அதுவும் முதுகை.

மண்டபம் இடிந்து விழுமாப்போல் கைதட்டல். ஒத்திகை பார்த்துச் செய்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். முடிந்ததும் ஆசிரியை ஓடிவந்து மாமாவின் கையைப் பிடித்து, அடுத்த மேடையேற்றத்துக்கும் ஒரு மாலை வேண்டுமென்று பிரெஞ்சில் கேட்டார். மாமா தனக்குத் தெரிந்த ஒரே பதிலாக, நன்றி என்று பொருள்படும் மெர்சியைப் பலமுறை சொன்னார். கதையில் மட்டும் மாற்றமில்லை. மகள் மாலையும் கழுத்துமாகப் பெடியனோடு நின்றுவிட்டாள். எங்கள் கண்ணுக்கு அது கலியாண வீடாகவே தெரிந்தது. சித்தி தேம்பித் தேம்பி அழுதார்.

வீட்டுக்கு வந்து, குசினி மேசையில் றோல்ஸும் தேத்தண்ணியுமாக, பழைய வழக்குத் திரும்பவும் தொடங்கியது.

“தாய் வேஷக்காரிதான் ராசா. மற்றதெல்லாம் சேனை” என்று மாமா தீர்ப்புச் சொன்னார். அவள் நின்றாளே, அது காணும் எனக்கு என்றார் சித்தி.

“என்னத்துக்கு நிண்டவள்? தாய் அவ்வளவு பாடியும்” என்றார் அம்மா.

“போனால் என்ன, டொக்டருக்கே படிக்கப் போறாள்? பாட்டுப் படிக்கத்தானே அவளுக்கு இடம் கிடைச்சது” என்று சித்தி சிரித்தார்.

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். இத்தனை வருடம் முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டதில் அந்த விபரம் அவர் காதில் விழவில்லை. “பாட்டோ?” என்றார்.

“ஓம் அம்மா. பாட்டு, நடிப்பு, அதுகள்தான்” என்றாள் அக்கா. “அப்பிடியெண்டால் அவள் போகத் தேவையில்லையோ?”

அம்மா அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு தூரம்?”

“பஸ்ஸிலை இரண்டு மணித்தியாலம்.”

நாடகத்தில் பஸ்ஸே கிடையாது. “ரயிலெல்லோ?” என்று நான் திருத்தினேன். ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை.

“போனால் தாய் என்ன செய்வா?” என்று கேட்டாள் அக்கா.

“அழுவாள். அழுதிட்டுச் சோறு வடிப்பாள். அதுக்காக இவள் நிக்கிறதே?” அம்மா கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். “எனக்குப் பிடிக்காத படிப்புத்தான். எண்டாலும் போகத்தான் வேணும்.”

அக்கா எழும்பி பல்கனிக்குப் போய், எங்களுக்கு முகம் காட்டாமல் நின்றாள். தோற்றுப்போன கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன். ரகசியத்தைக் காப்பாற்றுவதிலேயே கவனமாக இருந்த எனக்கு, அது மேசையில் எல்லோர் முன்னாலும் வைக்கப்பட்டதே தெரியவில்லை. அந்தக் கோடை முடிய அம்மாவே அவளுக்குப் பெட்டி அடுக்கி, பஸ் நிலையம் வரை போய் அனுப்பிவிட்டார். இன்றைக்கு அக்கா மேடையில் நிற்கும்போது பார்ப்பவர்கள், இவளை யாரும் தடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கமாட்டார்கள். நான் யோசிப்பதுண்டு.

ஆனால் அன்று பின்னேரம், வேலைக்குப் போக எழும்பிவந்த அப்பா, ஏன் வீடு இவ்வளவு அமைதியாகக் கிடக்கிறது என்று என்னிடம்தான் கேட்டார்.

“நாடகத்தைப் பற்றிச் சண்டை அப்பா” என்றேன்.

“ஆர் வெண்டது?”

“அம்மா.”

“அது தெரிஞ்சதுதானே” என்று சிரித்துக்கொண்டு அப்பா முகம் கழுவப் போனார். நான் குசினியை எட்டிப் பார்த்தேன். அம்மா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டபடி, ஏற்கனவே கழுவிய அரிசியைத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றார். வென்ற ஆள் ஏன் திரும்பிப் பார்க்காமல் நிற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.