ஈரக் கழிவு போட்ட எடை

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்களில் எங்கள் ஃபேக்டரி வாரத்தில் இரண்டு நாள் ஓடினால் பெரிது. மூட்டை தூக்கித் தூக்கி எனக்குக் குடல் இறங்கியிருந்தது. வேலையில்லாமல் உட்கார்ந்து உட்கார்ந்து வயிறும் பெருத்துவிட்டது. "எட்டுக் கிலோ குறைச்சுட்டு வாங்க. இந்த வயித்துல தையல் நிக்காது" என்று குன்னூர் ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பினார்கள். ஆபரேஷன் செய்துகொள்ளாமல் வேலைக்கு வராதே என்றார் மேனேஜர்.

எடை குறைக்க வழி சொல்லாத ஆள் எங்கள் ஊர் அரவேணுவில் இல்லை. டீக்கடைக்காரர் கொள்ளுத் தண்ணி குடிக்கச் சொன்னார், வர்க்கி பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டே. பக்கத்து வீட்டுக்காரர் கோத்தகிரி வரை நடக்கச் சொன்னார். அவர் பஸ்ஸில் போனார். எதையும் நாலைந்து நாள் செய்வேன். அதற்குள் சொன்னவர்களே மறந்திருப்பார்கள். நானும் விட்டுவிடுவேன்.

என் மனைவிக்குத்தான் அந்த யோசனை வந்தது. "ஏனுங்க, நம்ம ஊட்டுக்குக் கீழதானே கொழுந்து நிறுக்கற கொட்டகை இருக்குது. தெனமும் சாயங்காலம் போய்த் தராசுல ஏறி நின்னுட்டு வாங்க."

நாலு பேர் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. அங்கேயோ கொழுந்து பறிக்கும் பெண்கள் மூட்டையோடு வரிசையில் நிற்பார்கள். முதல் நாள் தலையைக் குனிந்துகொண்டு ஏறினேன். எடை போடுகிறவர் எண்ணை ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

"இந்த மூட்டைக்கு என்ன வெல குடுப்பீங்க?" என்றார் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அக்கா.

"இன்னிக்கு இருக்கற வெலைக்கு, கொட்டிட்டுப் போறதுதானுங்க லாபம்" என்றார் எடை போடுகிறவர்.

கொட்டகையே சிரித்தது. மறுநாள் நான் போகவில்லை. இருட்டுவதற்குள் அந்த அக்கா நாலு பெண்களோடு என் வாசலில் நின்றார். "தம்பி, பெரட்டுக்கு ஆள் வரலையே! ஒடம்புக்கு முடியலையா, வெக்கமா?" காலையில் வேலைக்கு ஆள் எண்ணுவதற்கு அவர்கள் தோட்டத்தில் பெரட்டு என்றுதான் பெயர். என் மனைவி உள்ளே இருந்து என்னை வெளியே தள்ளினாள்.

அதற்கப்புறம் எங்கே தப்பிப்பது? ஒரு நாள் எடை ஏறியிருந்தால், "என்ன தின்னீங்க?" என்று வரிசை முழுக்க விசாரணை. அந்த விசாரணைக்குப் பயந்தே ராத்திரிச் சோற்றை விட்டேன், வர்க்கியை விட்டேன். மூன்று கிலோ குறைந்தது.

மழை பிடித்ததும் எடை சரசரவென்று இறங்கியது. நனைந்த ஸ்வெட்டரோடு ஏறுவேன், அவர் எண்ணைச் சொல்லுவார், பெண்கள் கைதட்டுவார்கள். எட்டுக் கிலோ குறைந்தாயிற்று என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே மிஷின் மூன்றரைதான் என்றது. "யார் நிறுத்தாங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

எரிச்சலோடு நேரே கொட்டகைக்குப் போனேன். எடை போடுகிறவர் யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். மழைக்காலக் கொழுந்தில் சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்துவிட்டுத்தான் எடை சொல்வது வழக்கம். "ஈரத்தோட வந்தீங்களா, வாய் தானாக் கழிச்சுருச்சுங்க."

அந்த அக்கா அவரைப் பிடித்துக்கொண்டார். "நனைஞ்ச கொழுந்துக்குக் கழிச்சீங்க, பேசாம இருந்தோம். மனுசனுக்குமா? நாலு கிலோ தண்ணி இவர் மேலே எங்க நிக்குது, காட்டுங்க!"

"ஆபரேஷனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். குடல் இறங்கிய இடம் விண்விண் என்று வலித்தது.

மறுநாள் சாயங்காலம் கொட்டுகிற மழையில், தலையில் பிளாஸ்டிக் தாளோடு, முன்னைவிட அதிகம் பேர் வாசலில் நின்றார்கள். "ஸ்வெட்டரைக் கழட்டிட்டு வாங்க தம்பி. இனிமே தராசு முள்ளை நான் பார்க்குறேன்" என்றார் அந்த அக்கா. குளிரில் வெற்று உடம்போடு அத்தனை பெண்கள் முன்னால் தராசில் நின்றவனின் நிலையை நினைத்துப் பாருங்கள். அந்த மழைக்காலம் முழுக்க நின்றேன். பனி விழத் தொடங்கியபோது ஆஸ்பத்திரி மிஷினும் எட்டு என்று ஒப்புக்கொண்டது.

ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது அந்த அக்கா வார்டுக்கு வந்தார். தையல் எப்படி என்று கேட்கவில்லை. போர்வைக்கு மேலே என் வயிற்றைப் பார்த்தார்.

"படுத்தே கெடந்தா ஏறிரும் தம்பி. எப்ப வர்றீங்க?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். என் மனைவி பதில் சொன்னாள்: "திங்கக்கிழமை வந்துருவாருங்க அக்கா."