இடது கால்

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு மலை தெரியாது. எங்கள் பக்கம் கீரிமலை என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே கடல் உண்டு, கேணி உண்டு, மலை மட்டும் கிடையாது. டென்மார்க்குக்கு வந்தால் இவர்களிடமும் அதே கதைதான். வானமலை என்று பெருமையாகப் பெயர் வைத்திருக்கும் மேட்டில் மூச்சு வாங்குவதற்கு முன்பே ஏறி முடிந்துவிடும். இப்படி இரண்டு தட்டை ஊர்களில் ஆயுளைக் கழித்தவனிடம் வந்து ஒருத்தி மலை என்றால் அவனுக்கு என்ன விளங்கும்?

அவள் பர்மாக்காரி. பர்மாவின் மேற்கு மலைகளில் வாழும் சின் இனத்தவள். பிராண்டேயில் காற்றாலைக்குப் பாகங்கள் பூட்டும் தொழிற்சாலையில் எனக்கு எதிரே நின்று வேலை செய்கிறாள். ஒரே மேசை. அவள் கேபிள்களைச் சேர்த்துப் பிடிப்பாள், நான் கட்டுவேன். என் முகத்தைவிட அவள் முகத்தைத்தான் நீங்கள் அதிகம் பார்க்கிறீர்கள் என்று மனைவி பகிடி பண்ணுவாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது வயது வந்தபின் கற்ற டேனிஷ். அவளுடையது ஒரு மாதிரி நொண்டும், என்னுடையது இன்னொரு மாதிரி நொண்டும்.

பர்மாவில் இராணுவம் ஆட்சியைப் பிடித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு காலை அவள் கையுறையைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "என் தம்பி மலையில் ஃபாலெத்."

அந்த டேனிஷ் சொல்லுக்கு விழுந்துவிட்டான் என்று அர்த்தம். சைக்கிளில் இருந்து விழுந்தாலும் அதுதான், பனியில் சறுக்கினாலும் அதுதான். கால் முறிந்திருக்கும் என்று நினைத்தேன்.

"எந்தக் கால்?" என்று கேட்டேன்.

ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பார்களே, அது இதுதான். அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு, "இடது" என்றாள். பயப்படாதே, எலும்பு பொருந்திவிடும் என்று சொன்னேன். தலையாட்டினாள். கேபிளைப் பிடித்தாள், நான் கட்டினேன்.

அன்று சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னேன்.

"பாவம். நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவச் சொல்லுங்கோ," என்றாள் மனைவி.

மகள் இங்கே பிறந்தவள். நாங்கள் தமிழில் கேட்க, டேனிஷில் பதில் சொல்வாள். "அங்கே சண்டை நடக்கிறது, அப்பா," என்றாள். "போரில் செத்தாலும் அதே சொல்தான்."

"சும்மா விசர்க்கதை கதையாதை," என்றேன்.

"கோல்டிங்கில் அந்தத் தேவாலய முற்றத்துக் கல்லில் எழுதியிருக்கிறதே, பார்த்ததில்லையா?"

பார்த்திருக்கிறேன். மனைவி கடைக்குள் நிற்கும் நேரமெல்லாம் அந்தக் கல்லின் முன்னால்தான் நிற்பேன். பெயர்களுக்கு மேலே அந்தச் சொல் பெரிதாக வெட்டப்பட்டிருக்கும். இத்தனை பேரும் எங்கே விழுந்தார்கள் என்று ஒருநாளாவது யோசித்தேனா? இல்லை.

மகள் தன் தொலைபேசியில் சில காணொளிகளை எடுத்துத் தந்தாள். மலை என்றால் என்னவென்று அப்போதுதான் கண்டேன். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் வளைந்து வளைந்து ஒரு ரோட்டு. கீழே இருந்து இராணுவ லொறிகள் ஏறி வருகின்றன. மேலே மரங்களுக்குப் பின்னால் பெடியன்கள் படுத்திருக்கிறார்கள். கையில் தகப்பன்மார் மான் சுடுவதற்கு வைத்திருந்த நாட்டுத் துவக்கு. ஒரு வெடி வைத்தால் திரும்பவும் மருந்து அடைக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு ஒரு வளைவில் லொறிகளை மறித்துவிட்டார்கள். ஒருவரை ஒருவர் தட்டிச் சிரிக்கிறார்கள். அடுத்த படத்தில் ஹெலிகொப்டர் வருகிறது.

தொடக்க காலத்துச் சிரிப்பு அது. எனக்குத் தெரியும். என் தம்பியும் எங்கள் சண்டையின் முதல் வருடங்களில் அப்படிச் சிரித்துக்கொண்டுதான் போனான். நான் இங்கே அகதி முகாமில் இருந்தபோது கொழும்பில் இருந்து மாமா தொலைபேசி எடுத்தார். "தம்பி வீரச்சாவாம்," என்றார். மறுநாள் டேனிஷ் வகுப்பில் கிழமைகளின் பெயர் சொல்லித் தந்தார்கள். திங்கள், செவ்வாய் என்று மற்றவர்களோடு சேர்ந்து நானும் சொன்னேன். அழுகை வரவில்லை. பிறகும் வரவில்லை. கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

காணொளி பார்த்த மறுநாள் காலை வேலைக்குக் காரில் போகும்போது துக்கம் விசாரிக்கும் டேனிஷ் வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மேசைக்குப் போய், "உன் தம்பி..." என்று தொடங்கினேன்.

"இடது கால்," என்றாள் அவசரமாக. "மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள்."

கண்ணை நிமிர்த்தவில்லை. கேபிளை இறுக்கிப் பிடித்திருந்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கு விளங்கியது. அவளுக்கு விளங்கியது எனக்கும் விளங்கியது. அவளுடைய கிறிஸ்தவ சபைக்காரர்கள் எல்லோரும் வந்து துக்கம் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அவளுடைய வீட்டில், தேவாலயத்தில், ஊரில் அவன் செத்துவிட்டான். ஒரு மண்டூகம் கால் எது என்று கேட்ட இந்த மேசையில் மட்டும்தான் உயிரோடு இருந்தான். நான் அந்த வார்த்தையைச் சொன்னால் இங்கேயும் செத்துவிடுவான்.

"நோகிறதாமா?" என்று கேட்டேன்.

"இரவில் மட்டும்," என்றாள்.

அதன்பிறகு அவன் மெல்ல மெல்லத் தேறினான். தாய் சோளக்கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். படுத்துக் கிடந்து சினந்தான். மாவுக்கட்டு வெட்டியபோது கால் மெலிந்து போயிருந்தது. தடி பிடித்து முற்றம் வரை வந்தான். அவள் இதையெல்லாம் பஸ் நேரம் சொல்வதுபோல் சொல்வாள். சிரிக்கவும் மாட்டாள், அழவும் மாட்டாள். நான் கேட்காத நாளில் கேபிளைத் தராமல் நிற்பாள்.

"தெரிஞ்சுகொண்டு என்னத்துக்கப்பா இந்த நாடகம்?" என்றாள் மனைவி.

"அவவுக்கு வேணும்," என்றேன்.

இலையுதிர்காலம் வந்தது. ஒருநாள், தம்பி இப்போது தடி இல்லாமல் ரோட்டு வளைவு வரை போய் வருகிறான் என்றாள். நல்லது என்றேன்.

"உனக்குச் சகோதரர்கள் இருக்கிறார்களா?" என்று திடீரென்று கேட்டாள்.

இல்லை என்ற பதில் எப்போதும் நாக்கில் தயாராக இருக்கும். அன்று அது வரவில்லை.

"ஒரு தம்பி," என்றேன். "ஃபாலெத்."

அவள் கை நின்றது. அன்று பார்த்ததுபோலவே என்னை வெகுநேரம் பார்த்தாள். துக்கம் விசாரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"எந்தக் கால்?" என்றாள்.

கேபிளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"வலது."

"இப்போது நடக்கிறானா?"

"கொஞ்சம் கொஞ்சமாக," என்றேன். அவள் கேபிளைச் சேர்த்துப் பிடித்தாள். என் கண்ணைத் தண்ணீர் மறைத்தது. கட்டு கைக்குள் நிற்கவில்லை. அவிழ்த்து, முதலில் இருந்து கட்ட வேண்டியதாயிற்று.