தூரத்து லென்ஸ்

தெருவில் படம் எடுக்க முப்பத்தஞ்சு எம்எம் லென்ஸ்தான் சரி, ஆளை நெருங்கித்தான் எடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். திருச்சுழி கடைத்தெருவில் அது பலிக்கவில்லை. மழை பொய்த்திருந்தது. கருகிய மக்காச்சோளப் பயிரை வேரோடு பிடுங்கி, தாலுகா ஆபீசில் காட்ட வந்தவர்கள், என்னைப் பயிர்ச் சேதம் கணக்கெடுக்க வந்த ஆள் என்று நினைத்து, பயிரை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி விறைத்து நின்றார்கள். இயல்பாக ஒரு படம்கூடச் சிக்காமல் எரிச்சலாக வந்தது.

மறுவாரம், தூரத்திலிருந்தே முகத்தை இழுத்துத் தரும் எண்பத்தஞ்சு எம்எம்மை மாட்டிக்கொண்டு எதிர்ச்சாரி டீக்கடைக்குள் ஒளிந்தேன். தனியாக வந்த ஒரு பெரியவர் கேமராவைப் பார்த்துவிட்டார். கையிலிருந்த பயிரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கத்தினார்:

"அம்புட்டுத் தூரத்துல இருந்து எடுத்தா கருகுனது தெரியுமா சார்?"

தெளிவாகத் தெரிந்தது. பார்க்க வேண்டியவன்தான் நானில்லை.