பிளக்கைப் பிடுங்கிப் பார்த்த செல்வக்கனி அக்கா

சூலக்கரையில் கலெக்டர் அலுவலக வரிசையில் நின்றிருந்தபோது எங்கள் அச்சகத்திலிருந்து போன் வந்தது. செல்வக்கனி அக்கா காலமாகிவிட்டார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம். மனுவைக் கொடுக்காமலே சிவகாசிக்குப் பஸ் ஏறினேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் வேலை பார்க்கும் காலண்டர் அச்சகத்தில் கணினிப் பிரிவைக் கவனித்தவர் அக்கா. விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் தாய்க்கு ஒரே மகள். பல நாட்டுக்காரர்கள் சம்பளமின்றிச் சேர்ந்து எழுதும் ஒரு திறந்த மூலக் கணினி இயங்குதளத்துக்கு, வேலை முடிந்த பிறகு சோதனைகளும் திருத்தங்களும் எழுதி அனுப்புவார். அவற்றை அதில் சேர்க்கும் உரிமை உள்ளவர்கள் தங்கள் பெயரில் சேர்த்துக்கொள்வார்கள். அக்காவுக்கு வாய்த் துடுக்கு அதிகம். "நீங்க சும்மா இருங்க மொதலாளி, அது தானா ஓடும்" என்று முதலாளியிடமே சொல்லக்கூடியவர்.

ஒரு சீசனில் கரண்டு போய், கணினியில் பதிந்துகொண்டிருந்த எங்கள் ஆர்டர் விவரம் குழம்பிவிட்டது. ஜவுளிக்கடைக் காலண்டரில் பாத்திரக்கடையின் பெயர் அச்சாகி, லோடும் ஏறிவிட்டது. ஊரே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "எழுதுறப்ப கரண்டு போனா பழசாவது முழுசா இருக்கணும்லே. ரெண்டுங்கெட்டானா நின்னா அது என்னத்துக்கு?" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் இயங்குதளக் குழுவில் ஒரு விவாதம் வந்தது. கணினியில் உள்ள மென்பொருள்களின் விவரத்தைப் பதிந்து வைக்க, தனி சர்வர் இல்லாமல் நிரலுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு சின்னத் தரவுத்தள நூலகம், அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு, வேண்டும். இரண்டு இருந்தன. ஒன்று வேகமானது. மற்றது கொஞ்சம் மந்தம், ஆனால் நடுவில் மின்சாரம் போனாலும் பதிந்தது கெடாது. அக்கா இரண்டையும் ஓடவிட்டுப் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தார். மந்தமானதையே எடுப்போம் என்று குழுவுக்கு எழுதினார்.

நாகரிகமானவர்கள் அல்லவா, நாகரிகமாகவே கேலி செய்தார்கள். உங்கள் ஊருக்கு வேண்டியது தரவுத்தளம் அல்ல, ஜெனரேட்டர் என்று குழுத் தலைவர் பதில் போட்டார். பலர் அதன் கீழே அக்காவின் பெயரைக் குறிப்பிட்டுச் சிரிப்பு முகங்களை வரிசையாகப் போட்டார்கள். வேகமானதே தேர்வாயிற்று.

"பட்டாத்தான் புத்தி வரும்னா வரட்டும் தம்பி" என்றார் அக்கா.

பட்டார்கள். விவரங்கள் கெட்டுப்போய்ப் புகார்கள் குவிந்ததும், அக்கா சொன்ன நூலகத்தையே தலைவர் சத்தமில்லாமல் சேர்த்தார். அக்காவின் சோதனை நிரலும் கூடவே போயிற்று. யார் செய்த மாற்றம் என்று பதியும் மாற்றக் குறிப்பில் தலைவரின் பெயர் மட்டும் இருந்தது. "சரியானது உள்ள போயிருச்சுல்ல, விடு" என்ற அக்கா, அன்று டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார். எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

துக்க வீட்டில் அக்காவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ராப்பகலா என்னத்தையோ எழுதுனாளே, எங்கனயாச்சும் எம்மக பேரு இருக்கா தம்பி?"

குழுவுக்கு எழுதினேன். அதற்குள் தலைவர் 'நம் அருமைத் தோழி' என்று உருகி இரங்கல் போட்டிருந்தார். அந்த மாற்றக் குறிப்பில் அக்காவின் பெயரையும் சேருங்கள் என்று கேட்டேன். பழைய பதிவுகளைத் திருத்தும் வழக்கம் இல்லை என்று பதில் வந்தது. பதிந்தது அழியக்கூடாது என்று சண்டை போட்டவரின் பெயரைப் பதியவே இல்லை, பாவிகள்.

காரியத்தன்று அம்மா மறுபடி கேட்டார். தலைவரின் இரங்கலைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அதை விட்டால், அக்காவின் பெயரைச் சொல்லிப் பலர் எழுதியது அந்தக் கேலி விவாதத்தில் மட்டும்தான். போனில் அதைத் திறந்து, அக்காவின் பெயரைத் தொட்டுக் காட்டினேன். ஆங்கிலம் தெரியாத அம்மா, பட்டாசு மருந்து படிந்து கறுத்த விரலால் திரையைத் தள்ளித் தள்ளி அந்தப் பெயரை மட்டும் தேடிப் பிடித்தார்.

"எம்மகளுக்கு இம்புட்டுப் பேரு எழுதியிருக்காகளா! எல்லாம் சிரிச்ச மொகமா வேற போட்டிருக்காக. நல்லவுகதான் போல."

"ஆமாம்மா" என்றேன்.

போய் வாருங்கள் அக்கா. அந்தச் சிரிப்பு எதற்கென்று என் வாயிலிருந்து அம்மாவுக்குத் தெரியவராது.