அவள் அள்ளிய மண்

அன்று காலை வகுப்பில், 'அக்கர்ஸ்ட்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லுக்குச் 'சபிக்கப்பட்ட' என்று பொருள் சொல்லி, இப்போது யாரும் அதைப் பேசுவதில்லை என்று சிரித்தேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்ததால், மாலையில் பஸ் இல்லாமல் நைனார்பாளையத்திலிருந்த என் வீட்டுக்கு நடந்தேன். விழுந்து கிடந்த புளியமரத்துக்கு அப்பால், காய்ச்சல் குழந்தையோடு ஒரு பெண் நின்றாள்.

"புள்ளைய கொஞ்சம் வாங்கிக்கங்க சார், தாண்டி வந்துடறேன்."

தூரத்தில் கோடரியோடு ஆட்கள் வந்தார்கள். பயந்து பின்வாங்கினேன். அவளே குழந்தையோடு தட்டுத்தடுமாறித் தாண்டினாள். நேரே என்னிடம் வந்து, குனிந்து மண் அள்ளினாள். தூற்றிச் சபிக்கப் போகிறாள் என்று உடம்பு உதறியது.

அவள் அள்ளியது என் காலடி மண். பயந்த பிள்ளைக்குச் செய்வதுபோல், என் தலையை மூன்று முறை சுற்றி எறிந்தாள்.

"நடுங்கிக்கினு இருக்கீங்களே சார். வூட்டுக்குப் போய் தண்ணி குடிங்க."

சபித்திருந்தால் மறந்திருப்பேன்.