உருண்டைத் தலை

காலுறை ஆலையில் கோணல் உருப்படிகளைப் பொறுக்கித் தள்ளுவது சியூயுனின் வேலை. வீட்டில் அவளையே கோணல் என்று தள்ளி வைத்திருந்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் பிள்ளையில்லை. ஒவ்வொரு வருடமும் சிங்மிங் நாளின் நீத்தார் படையலில் மாமியார் ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு, சொந்தபந்தம் கேட்க முன்னோரிடம் முறையிடுவாள்: "பெரியவன் பொண்டாட்டி இந்த வருசமும் மலடிதான்." செத்தவர்களுக்குக் காது மந்தம் என்று நினைப்பு போல, அப்படி ஒரு தொண்டை.

கசப்புக் கஷாயம், ஊசி, அறுவை எல்லாம் சியூயுனுக்குத்தான். கணவன் போவென் ஆண்பிள்ளையாயிற்றே, அவனுக்கு எதற்குச் சோதனை? புதிதாக வந்த டாக்டர்தான் அவனையும் விடாப்பிடியாக அனுப்பினார்.

ஆய்வுக்கூடத்தில் சாயமேற்றிய விந்தணுக்களைத் திரையில் காட்டினார்கள்.

"தலை முட்டை மாதிரி நீண்டு இருக்கணும். இவருக்கு எல்லாமே உருண்டை. கருமுட்டையைத் துளைக்க தலை மேல இருக்கவேண்டிய மூடி ஒண்ணுலயும் இல்ல. இயல்பா பிள்ளை உண்டாகுறது கஷ்டம்," என்றாள் சோதிப்பவள்.

சியூயுனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அவள் மறைக்கவுமில்லை.

வழியெல்லாம் போவென் கெஞ்சினான். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."

"உன் மானம் போயிடுமோ? என் மானம் வருசா வருசம் ஊதுபத்திப் புகையில போச்சே, அப்ப எங்க போன நீ?"

அடுத்த சிங்மிங்கில் மாமியார் வாயெடுக்கும் முன் சியூயுன் ஊதுபத்தியை வாங்கிக்கொண்டாள். "இந்த வருசம் நான் சொல்றேன் அத்தை." உருண்டைத் தலைக் கதையை ஒன்று விடாமல் சொன்னாள். சித்தப்பாமார் வாயில் வைத்த படையல் காய்கறிச் சுருளை மெல்லவும் மறந்தார்கள்.

மாமியார் அழவில்லை. முன்னோரிடம் குறி கேட்கும் இரண்டு பிறைக்கட்டைகளை எடுத்து, "சின்னவனோட ரெண்டாவது பையனைப் பெரியவனுக்குத் தத்து எழுதவா?" என்று முன்னோரைக் கேட்டு வீசினாள். ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க விழுந்தது. சம்மதம்.

பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். "உன் மேல குத்தமில்ல. இத்தன நாள் உன்னத் திட்டினது தப்புதான். ஆனா பேரன் வந்தாச்சு, அவன வளர்க்க அவன் அம்மா இருக்கா. உன்ன வெச்சு நாங்க என்ன செய்ய? வயசு இருக்கு, வேற எங்கயாவது போய்ப் பெத்துக்க."

நியாயம்தானே என்று பெரியவர்கள் தலையாட்டினார்கள்.

சியூயுன் போவெனைப் பார்த்தாள். அவன் தட்டில் சுருளுக்கு நிலக்கடலைப் பொடி தூவிக்கொண்டிருந்தான்.

"சொல்லாதன்னு எதுக்குக் கெஞ்சுனேன்னு நினைச்ச?" என்றான். "குறை உன்கிட்டன்னா வைத்தியத்துல சரியாயிடும்னு அம்மா காத்திருந்தா. பழி உன் மேல இருந்த வரைக்கும்தான் உனக்கு இந்த வீட்ல இடம் இருந்துச்சு."