கேட்டுச் சொல்றேன் மேடம்

போனில் பேசுகிறவர் படித்தவர் என்று தெரிந்தால் அப்பா எழுந்து நின்றுவிடுவார். பள்ளியில் என் வகுப்பாசிரியை கூப்பிட்ட காலத்திலிருந்து பார்க்கிறேன். வங்கியிலிருந்து கூப்பிட்டால் நிற்பார். கடன் அட்டை விற்கிற பெண்ணிடமும் நின்றுகொண்டுதான் வேண்டாம் என்பார். மேல் பொத்தான் திறந்திருந்தால் பேசிக்கொண்டே ஒரு கை அதைப் போட்டுவிடும்.

"அவங்களுக்கு நீ என்ன தெரியவா போற? உட்காருய்யா," என்பார் அவரோடு வேலை பார்த்த கேஷியர் மாமா.

"குரல்ல தெரிஞ்சிடும்," என்பார் அப்பா.

ஆகவே மனநல ஆலோசகர் வீடியோவில் வந்தபோதும் நின்றார். மேசையில் தண்ணீர்க் குடுவை மேல் சாய்த்து வைத்திருந்த போனில் அந்தப் பெண்ணுக்குச் சட்டைப்பை மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"சார், உங்க முகம் தெரியல. உட்காருங்களேன்."

'சார்' என்றதும் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தார். "இப்ப சரியா மேடம்?"

அப்பா துணிக்கடை விற்பனையாளர். விற்பவர்களுக்கு நாற்காலி போடாத கடை. முதலாளி காலமானதும் அவர் பிள்ளைகள் கடையை மூடி இடத்தை வாடகைக்கு விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகும் அப்பா காலையில் குளித்து, சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டு, வாசலில் நிற்பார். கடை திறக்கும் நேரம் தாண்டியதும் உள்ளே வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். சாப்பாடு பாதியாகிவிட்டது. அம்மாவும் இல்லாத வீட்டில் அதைக் கவனிக்க இருந்தது நான் ஒருத்திதான்.

என் அலுவலகத்தில் குடும்பத்தினருக்கு இலவச ஆலோசனை உண்டு. பதிவு செய்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். எந்தக் கஷ்டத்துக்கும் எனக்குத் தெரிந்த வைத்தியம் பதிவு செய்வதுதான்.

அப்பா அதை வேறு மாதிரி புரிந்துகொண்டார். "உன் ஆபீஸ் காசு குடுத்து ஒரு ஆளைப் போட்டு நம்ம வீட்டைப் பத்தி விசாரிக்குதுன்னா, சும்மாவா செய்வாங்க?"

நான் சொன்ன விளக்கம் எதுவும் எடுபடவில்லை. அந்த முதல் பேச்சைச் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தூக்கமெல்லாம் எப்படி இருக்கு சார்?"

"அருமை மேடம். பாப்பா ரொம்பப் பொறுப்பு."

"நான் உங்களைக் கேட்டேன்."

"லீவே போடாது மேடம்."

கடை மூடியபோது மனசு எப்படி இருந்தது என்று கேட்டார். அப்பா சற்று யோசித்து, "உங்களுக்கு எந்த மாதிரி வேணும் மேடம்?" என்றார். ஆலோசகர் சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார். "பாஸ் பண்ணிட்டேன்னு நெனைக்கிறேன்," என்று என்னிடம் வந்து சொன்னார்.

இதற்கிடையில் எனக்குப் பதவி உயர்வோடு வெளியூர் மாற்றல் வந்தது. அப்பா வந்தால் இந்த வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டும். வராவிட்டால் அவரைத் தனியாக விட வேண்டும். கேட்டபோதெல்லாம், "உன் இஷ்டம் பாப்பா." கோபமாகக் கேட்டாலும் அதே பதில், இன்னும் கொஞ்சம் மெதுவாக. அவர் வருகிறேன் என்று சொல்ல வேண்டுமென்று நினைத்தேனா, வரவில்லை என்று சொல்ல வேண்டுமென்றா? என் இஷ்டமும் எனக்குத் தெரியவில்லை. நீங்களே கேளுங்கள் என்று ஆலோசகருக்குச் செய்தி அனுப்பினேன்.

அவர் கேட்டார். "மகள் இங்க இல்லைன்னு வச்சுக்கோங்க சார். நீங்க சொல்றது ஆபீஸுக்கும் போகாது. அந்த ஊருக்குப் போறதுல உங்களுக்கு விருப்பம் இருக்கா?"

நான் குழாயை மூடினேன்.

"மகள்கிட்ட கேட்டுச் சொல்றேன் மேடம்."

"உங்க விருப்பத்தையா சார்?"

"ஆமா மேடம். அடுத்த தடவை கண்டிப்பா."

அடுத்த தடவை அப்பாவுக்குச் சிக்னல் சரியில்லாமல் போனது. அதற்கடுத்த தடவையும். இலவச அமர்வுகள் முடிந்து, மதிப்பெண் போடச் சொல்லித் திரை கேட்டபோது ஐந்து நட்சத்திரமும் கொடுத்தார். "பாவம், சின்னப் பொண்ணு. நல்லா கேட்டுச்சு."

மாற்றலுக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டு உரிமையாளரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு அப்பா தருவதாகச் சொன்ன பதில் பாக்கி நிற்கிறது, எனக்கும்தான்.

நேற்று என் பெட்டியை அவர்தான் அடுக்கினார். மூலை முடுக்கெல்லாம் இறுக்கி நிரப்பியவர், ஒரு பக்கத்தில் மட்டும், அவர் சட்டை ஒன்றை மடித்து வைக்கிற அளவுக்கு, ஒரு சாண் இடம் விட்டிருந்தார்.

"இது எதுக்குப்பா?"

"இருக்கட்டுமே."

அந்த இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை நீவினார். பிறகு மூடியைச் சாத்தினார், பூட்டவில்லை.